முகூர்த்தப் புடவையில் எட்டு மண்டையோடு

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிச்சப் படிப்பைப் பழைய பேய்க்கதைப் படப் புத்தகங்களில் படித்தேன். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஒரு மண்டையோட்டுக் கிழவன் ஒற்றைக் கண்ணை மூடி நின்று, "வாங்க, பயந்து சாக நேரமிருக்கா?" என்று நம்மையே கேட்பான். நான் வியாபாரம் கற்றது அவன் பேச்சில்தான். பார்டரை முதலில் காட்டி, முந்தியைக் கடைசிவரை மறைத்துப் புடவை விரிப்பதில் ஆரணியில் எனக்கு நிகர் கிடையாது.

அந்தப் படங்களின் கறுப்பு இருக்கிறதே, அது மையைக் கொட்டியதல்ல. மயிரிழைக் கோடுகளாக அடுக்கியது. வரைந்தவன் அதை எப்படிச் செய்தான் என்று பார்க்க, இந்த வைகாசியில் கிழவன் முகத்தை டிசைன் போடும் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்பினேன். அச்சு அசலாக வந்தது. கலசப்பாக்கத்துக் கல்யாணப் பெண்ணுக்குப் போட்ட மயில் தாளின் மேலேயே அதை வைத்துவிட்டேன்.

அட்டை அடிப்பவர் மேலே இருந்த தாளை எடுத்துப்போய்த் தறி அட்டையில் துளை போட்டார்; துளை எப்படியோ நெசவும் அப்படி. மயில் இருக்கவேண்டிய முந்தியில் எட்டுக் கிழவன்கள் சரிகையில் வரிசையாகக் கண்ணடித்தார்கள்.

நெய்தவரைக் கூப்பிட்டேன். "தறியில இது வர்றத பாத்துகினுதானய்யா இருந்த?"

"நீங்க போட்ட டிசைனுங்களே. பெரிய எடம், புதுசா கேட்டாங்களோன்னு நெனச்சேன்."

கல்யாணத்துக்கு நான்கு நாள். தறியில் ஏற்றிய பாவு நூலுக்குப் பெண் வீட்டார் தங்கள் கையாலேயே மஞ்சள் வைத்துப் போயிருந்தார்கள். மஞ்சள் வைத்த நூலை விட்டு வேறு புடவை எடுத்துக் கொடுக்க முடியாது.

பெண்ணும் அவள் அத்தையும் வந்தார்கள். கிழவன் குரலிலேயே ஆரம்பித்தேன். "இதுவரைக்கும் பாத்தது புடவைங்க. இனிமே வர்றதப் பாக்க மனசுல திடம் வேணும்." முந்தியை விரித்தேன்.

அத்தை குனிந்து பார்த்தார். "இன்னாங்க, இத்தினி பல்லு?"

"சிரிக்குதுங்க. கல்யாணமாச்சே."

"ஒரு கண்ண ஏன் மூடிகினு இருக்குது?"

"வெக்கம்."

பெண் என்னையே பார்த்தாள். அதற்கு மேல் பொய் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். ஒரு கோடுகூடப் பிசகவில்லை என்பதையும் சொன்னேன். அதுவும் உண்மைதானே.

அவள் முந்தியைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். "மணையில உக்காந்தா இது முதுகுக்குப் பின்னாடி போயிடும் அத்த. செவுருதான் பாக்கும்."

"தாலி முடிச்சுப் போட நாத்தனாரு பின்னாடிதானடி நிப்பா? அவ கண்ணுல படுமே."

பெண் புடவையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"படட்டும்."