வள்ளித்தாய் நசுக்கிய பதினொரு ராணிகள்

வள்ளித்தாய்க்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஊன்றியே வைத்திருப்பாள். காலில் சக்கரத்தோடு பிறந்தவள் என்று புருஷன் இசக்கித்துரை சொல்வான். அவன் அவளுடைய தாய்மாமனும் என்பதால் பிறந்ததைப் பார்த்துத்தான் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவள் தேனீ வளர்க்கப் போனதுதான் வேடிக்கை. பெட்டியைத் திறக்காமல் விட்டுவைப்பதே அதில் பாதி வேலை. இவள் நாளுக்கு இரண்டு முறை திறந்தாள்.

ஈக்கள் அவளைப் பொறுத்துக்கொண்டன. ஏழு வருஷத்துக்கு முன்னால் பயிற்சிக்குப் போய் வாங்கிவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று முரடு, ஒன்று சாது. முரட்டுப் பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டாள். சாதுப்பெட்டி பெருகப் பெருக அதிலிருந்தே பிரித்துப் பிரித்து, சங்கரன்கோவில் வீட்டின் மொட்டைமாடியை இருபத்துமூன்று பெட்டிகளால் நிரப்பினாள். தெருவில் ஒரு பிள்ளையைக்கூட ஈ கொட்டியதில்லை. பக்கத்து வீட்டு அன்னக்கிளி வடகம் காயப்போட வந்தால் தோளில் ஓர் ஈ உட்கார்ந்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அந்த நல்ல பெயரைக் காப்பாற்ற வள்ளித்தாய் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளிக்கூட்டம் எதுவும் வந்து முருங்கையில் தொங்கினால், அந்தக் காட்டு ஈயெல்லாம் நம் பெட்டியோடு கலக்கக் கூடாது என்று புகை போட்டு விரட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

ஆடித்தபசு முடிந்த வாரம் ஒரு பெட்டியில் கோளாறு தெரிந்தது. புழு வளர்கிற அடையில் அறைகளெல்லாம் இடைவெளி இல்லாமல் மெழுகால் மூடியிருக்க வேண்டும். இது பல் விழுந்த வாய்போல அங்கங்கே பொக்கையாகக் கிடந்தது. ராணிக்கு முட்டை வைக்க வக்கில்லை என்று தீர்மானித்தாள். தேனீக்காரர்கள் வழக்கமாகச் செய்வதையே அவளும் செய்தாள்: ராணியைத் தேடிப்பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினாள். சாதுப்பெட்டியில் புது ராணிப்புழு வளர்ந்துகொண்டிருந்த அறை ஒன்றை வெட்டிவந்து அதில் ஒட்டினாள். புது ராணி வந்தாள். அடை முன்னைவிடப் பொக்கையானது. அவளையும் நசுக்கினாள். கார்த்திகை பிறப்பதற்குள் பெட்டி பெட்டியாகப் பதினொரு ராணிகள் போனார்கள். ஆள் குறைந்து பெட்டிகளும் ஒவ்வொன்றாக அழிந்து, ஒன்பதுதான் மிச்சம். தையில் புளியங்குடியில் எலுமிச்சை பூக்கும்போது கொண்டுபோய் வைக்க ஒரு பெட்டியாவது இருக்குமா என்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படியேறுவதும் இறங்குவதுமாக நாள் போயிற்று.

"ஏட்டி, நீ தெறந்து தெறந்து பாக்குததுலயே அதுவ ஓடிப்போயிரும்" என்றான் இசக்கித்துரை.

"நீங்க சும்ம இருங்க மாமா. வயித்தெரிச்சலக் கெளப்பாதிய."

அவள் வருஷாவருஷம் பெட்டி வைக்கும் புளியங்குடித் தோட்டக்காரரின் மகள் ஆபிதா பானு, கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு போனில் ஒரு வேலை சொன்னாள். "யக்கா, பன்னெண்டாவது ராணிய நசுக்குததுக்கு முன்னால, ஒரு கண்ணாடித்தாள அடைமேல வச்சி, முட்டை இருக்க அறைக்கெல்லாம் பேனாவால புள்ளி வையுங்க. தெனம் அத வச்சிப் பாத்துட்டே வாங்க."

வள்ளித்தாய்க்கென்றே செய்ததுபோல ஒரு வேலை. முதல் நாள் பார்த்தால், ஓர் அறை விடாமல் ராணி முட்டை வைத்திருந்தாள். மூன்று நாள் அப்படியே இருந்தன. நான்காம் நாள் பொரிந்து நூல்துண்டுபோலப் புழுக்கள். ஐந்தாம் நாள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வேலைக்கார ஈ அறைக்குள் தலையை விட்டு, புழுவை இழுத்துத் தின்றது. பக்கத்து அறையை மோந்து பார்த்துவிட்டுத் தொடாமல் நகர்ந்தது. அதற்கடுத்ததைத் தின்றது. அன்று சாயங்காலம் தாளை வைத்துப் பார்த்தால், பாதிப் புள்ளிகளுக்கு அடியில் வெறும் அறைகள்.

மறுநாள் பானு நேரில் வந்தாள். வள்ளித்தாய் அவளை உட்காரக்கூட விடவில்லை.

"பிள்ளைய இவளுவளே திங்காளுவட்டி. என்ன சீக்கு இது?"

"சீக்கு இல்லக்கா. தேனீயில ஆணுக்கு அப்பன் கெடையாது. விந்து சேராத முட்டையில பொறக்கது ஆணு, சேந்த முட்டையில பொறக்கது பொண்ணு. ஆனா பொண்ணாகணும்னா அம்மாகிட்ட இருந்து ஒரு அடையாளமும் அப்பன்கிட்ட இருந்து ஒரு அடையாளமும் வரணும். ரெண்டும் வேற வேறயா இருக்கணும். ஒண்ணாப்போச்சுன்னா அதுவும் ஆணாயிரும், உருப்படாத ஆணு. வேலைக்காரி மோந்து பாத்துத் தின்னுருவா."

"அதெப்படி ஒண்ணாப்போவும்?"

"இணைசேரப் பறந்துபோற ராணியும் உங்க பெட்டி, வானத்துல அவகூடச் சேர வார ஆணும் உங்க பெட்டி. ஒரு வீட்டுக்குள்ளயே கொண்டு குடுத்திருக்கிய. கோடிக்கணக்கான வருசமா அதுங்களுக்குப் புது அடையாளத்தோட வாரவன்தான் உசத்தி. அவன் யார்கூடச் சேந்தாலும் பொருந்திப்போவும். அவனத்தான் நீங்க புகை போட்டு வெரட்டிருக்கிய."

"நானும் மாமனத்தானட்டி கட்டிருக்கேன். எம் பிள்ளையளுக்கு என்ன கொறச்சல்?"

"மனுசருக்கு இந்தக் கணக்கு இல்லக்கா."

வள்ளித்தாய் தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ ராணிமாரு மேல குத்தமே இல்லியா?"

"இல்லக்கா. அவளுவ ஒழுங்காத்தான் முட்டை வச்சிருக்காளுவ."

ஆயுளில் முதல்தடவையாக வள்ளித்தாய் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் ஒரு மத்தியானத்தைக் கழித்தாள் என்று இசக்கித்துரை பின்னால் சொன்னான்.

மறுநாளே வெளிக்கூட்டம் தேடி அலைய ஆரம்பித்தாள். இளையரசனேந்தலில் ஒரு பாழுங்கிணற்றுச் சுவரில் கூடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, புருஷனின் வண்டியில் ஏறிப் போனாள். முகத்தில் ஏழு கொட்டு. அடுத்த வாரம் ஒரு புளியமரப் பொந்திலிருந்து இன்னொரு கூட்டம். இரண்டையும் மாடியில் வைத்த மூன்றாம் நாள் அன்னக்கிளி வீங்கிய கண்ணோடு வந்து நின்றாள்.

"தப்பா நெனைக்காத வள்ளி. இது நம்ம ஈ இல்ல. பிள்ளைய நடமாடுத எடம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தெரு மெச்சிய சாது ஈக்களும் புதிதாக வந்த முரட்டு ஈக்களும் சேர்ந்தே வேனில் ஏறி, புளியங்குடித் தோட்டத்துக்குப் போயின. மொட்டைமாடி வெறிச்சோடிப்போய் வடகத்துக்கு மட்டும் ஆயிற்று. வள்ளித்தாய் தினமும் காலை பஸ்ஸில் கிளம்பினாள். ஒரு ராணியையும் கொல்லாமல், ஒவ்வொரு பழைய பெட்டியிலும் முட்டையுள்ள ஓர் அடைச்சட்டம் எடுத்து ராணியில்லாத புதுப்பெட்டி ஆக்கினாள். அவை தாமே ராணி வளர்த்தன. புது ராணிகள் வெயில் பார்த்துப் பறந்துபோய், காட்டுக் கூட்டத்து ஆண்களோடு சேர்ந்து திரும்பினார்கள்.

தையில் எலுமிச்சை பூத்திருந்தது. பானு பக்கத்தில் நிற்க, வள்ளித்தாய் முதல் புதுப்பெட்டியைத் திறந்து இடக்கையால் சட்டத்தைத் தூக்கினாள். ஓரம்வரை ஒரு பொக்கை இல்லாமல் அடை மூடியிருந்தது. இரண்டு ஈ எழும்பிப் புறங்கையில் கொட்டின. அவள் உதறவில்லை. அப்போதுதான் புது ராணி அடையின் குறுக்கே ஓடினாள். வள்ளித்தாயின் வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாக ஒன்று சேர்ந்தன. சட்டென்று அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"என்னக்கா, கடுக்குதா? கண்ணு கலங்குது."

"கொட்டுனதுக்கு இல்லட்டி," என்றாள் வள்ளித்தாய். "பதினோரு பேரு. ஒருத்தியாவது ஒரு முட்டை கொறச்சி வச்சிருந்தா இப்பம் எனக்கு ஆறுதலா இருக்கும்."