தாம்பூலப் பையில் வைத்த மாத்திரை

என் வலது கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போய்க்கொண்டிருந்த நாட்களில், டாக்டர் ரத்தம் எடுத்தார். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் யூரிக் ஆசிட்டுக்கு மாத்திரை எழுதினார். குறைந்த அளவில் தொடங்க வேண்டும், சாப்பிட்ட பிறகு போட வேண்டும், வலி போய்விட்டதென்று நானாக நிறுத்தக் கூடாது. "மேலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மட்டும் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள்" என்றார். எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். சேரன்மகாதேவியில் என்னைப்போல் ஒழுங்கான நோயாளி இல்லை என்று ஒரே வருஷத்தில் நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்த ஒழுங்கெல்லாம் என் உடம்புக்கு மட்டும்தான். மகளின் மறுவீட்டு விருந்துக்கு ஆழ்வார்திருநகரியிலிருந்து அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி நொண்டி வந்தார். அதே விரல், அதே வீக்கம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வியாதி குணமானவன் பாதி வைத்தியன் அல்லவா? வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது. தாம்பூலப் பையில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே மூன்று அட்டை மாத்திரையை வைத்துக் கொடுத்தேன். டாக்டர் சொன்னவற்றில், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். அதுவும் அன்றைக்கு விருந்தின் சொதிக் குழம்பில் உப்பு கூடிப்போனதால் ஞாபகம் வந்தது.

அத்தானுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டென்பது எனக்குத் தெரியும். அதை வேறு டாக்டர் பார்க்கிறார், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தாள்.

"ஏலே, அத்தானுக்கு அம்மை போட்டிருக்கு. காய்ச்ச கொதிக்கி. மேலெல்லாம் செவந்து கெடக்கு, வாயெல்லாம் புண்ணு, எளநி கூட எறங்க மாட்டேங்கு. வாசல்ல வேப்பிலை கட்டிட்டேன். குளிக்காம இங்கன வந்துராத."

போனை வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மை என்றால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அவரை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். சொன்னால் என் பேர் கெடும், சொல்லாவிட்டால் அத்தான் போய்விடுவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். நான் ஒரு காபி குடிக்கிற நேரம் யோசித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. பிறகுதான் அக்காவுக்குத் திரும்பப் போன் போட்டேன்.

"அக்கா, அது அம்மை இல்ல. நான் குடுத்த மாத்திரை. இப்பவே கார் பிடிச்சு அவர பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. மாத்திரைய இன்னும் போடுதாரா?"

"அம்மை போட்ட வீட்டுல யாருலே மாத்திரை குடுப்பா? நிப்பாட்டி ரெண்டு நாளாச்சு."

ஆஸ்பத்திரியில் டாக்டர், மாத்திரையை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று, வீட்டில் வைத்திருந்ததுதான் ஆபத்து என்றார். படித்தவன் கொடுத்ததை அம்மன் நிறுத்தியிருக்கிறாள். "எழுதிக் கொடுத்தது எந்த டாக்டர்?" என்று அவர் கேட்டதும், பேச முடியாத அத்தான் படுத்தபடியே என்னை நோக்கி விரலை நீட்டினார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த மருந்தை இவருக்கு இனி எந்தக் காலத்திலும் கொடுக்கக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அதை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். மாத்திரையின் பெயரை விழுங்கிவிட்டு மீதியை வாசித்தேன்.

"விடு, அவன் நல்லதுக்குத்தான குடுத்தான்" என்றார் அத்தான்.

"நல்லதுக்குத்தான்" என்றாள் அக்கா. "வலி கேக்கலன்னு நீங்க வேண்டாம்னப்பவும், எந்தம்பி தந்ததுன்னு நாந்தான் ரெண்டு ரெண்டா எடுத்துக் குடுத்தேன்."