சின்ன மாமனார் போட்ட ஓடு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசியில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனேன். கல்யாணத்துக்காகவே பனையோலையைப் பிரித்துவிட்டுச் சீமை ஓடு போட்டிருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது தலை குனிந்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனாலும் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். எங்கள் அப்பா வீட்டில் ஓட்டு வரிசைகள் நூல் பிடித்தது போல இருக்கும். இங்கே நடுவில் தொய்ந்து, ஓரத்தில் ஏறி, கோணல் பல்லாக இளித்தன.

“ஏனுங்க, யாரு ஓடு போட்டது?” என்று மறுநாள் கணவரிடம் கேட்டேன்.

“எங்க சித்தப்பாதான். நம்ம ஊட்டு வேலைய வெளியாளுக்கா குடுப்பாங்க?” என்றார் பெருமையாக.

அந்தச் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமனார், பக்கத்து ஊரில் கட்டட வேலைகளை எடுத்துச் செய்பவர். பாதி நாள் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. மலைக் கணவாய் வழியாக வந்த காற்று சாரலைப் படுக்கப் போட்டு அடித்தது. கூடம், சமையலறை, நாங்கள் படுக்கும் அறை எல்லாம் ஒழுகின. சின்ன மாமனார் விட்ட இடுக்குகளில் அதற்குள் வௌவால் குடியேறியிருந்ததால், புழுக்கை கரைந்த பழுப்புத் தண்ணீர்தான் சொட்டியது. பாயை எத்தனை முறை அலசியும் அந்த வாடை போகவில்லை. மழை வந்தால் கட்டிலை நகர்த்துவார்கள், அரிசிப் பானையை நகர்த்துவார்கள். 

ஒரு நாள் மாமனாரும் சின்ன மாமனாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து ஒரு சொட்டு சின்ன மாமனாரின் சோற்றில் விழுந்தது. அடுத்த சொட்டு பொரியலில். அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இலையை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு, அதே சோற்றைப் பிசைந்து தின்றார்.

“புது ஓடுன்னா நாலு மழைக்கு ஒழுகத்தான் செய்யும் அம்மிணி. பாசி புடிச்சா தானா அடைஞ்சுக்கும்” என்றார், வாயில் சோற்றோடு.

 அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மழை விட்டதும் ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். ஓட்டின் அடியில் ஒரு மூக்கு இருக்கும். அது மரச்சட்டத்தில் மாட்டி நிற்க வேண்டும், மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் நன்றாக ஏறிப் படிய வேண்டும். மரத்தை மிச்சம் பிடிக்கச் சின்ன மாமனார் சட்டங்களைத் தள்ளித் தள்ளி அடித்திருந்தார். ஓடுகள் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. மூக்கு மாட்டாத இடங்களில் தென்னை மட்டைத் துண்டுகளைச் செருகியிருந்தார். முகட்டில் விரலை வைத்தேன். மேலே பூச்சாகச் சுண்ணாம்பு, உள்ளே வெறும் வயல் மண். கொத்தாகக் கையோடு வந்தது, அதில் ஒரு பூரான் நெளிந்தது.

பூரானை உதறிவிட்டு, அந்த மண்ணைக் கொண்டுபோய், திண்ணையில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சின்ன மாமனாரின் முன்னால் வைத்தேன். “நீங்க வெச்ச சுண்ணாம்புச் சாந்துங்க மாமா.”

மாமியார் பதறினாள். கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மாமனார் மண்ணை விரலால் ஒதுக்கிவிட்டு, “பொம்பளைக்குப் பரண்ல என்ன வேலை?” என்று என் மாமனாரிடம் கேட்டார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்.

ஐப்பசிக் காற்றில் பின்பக்க ஓடுகள் இருபது முப்பது ஒன்றாகச் சரிந்து, துணி துவைக்கும் கல்லின் மேல் விழுந்து நொறுங்கின. நான் அங்கிருந்து எழுந்து வந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் கணவர் பக்கத்துச் சித்தூரிலிருந்து வேறொரு ஆசாரியைக் கூட்டி வந்தார். கூரை முழுவதையும் பிரித்து, சட்டங்களை நெருக்கி அடித்து, புதிதாக ஓடு போட்டார்கள். சின்ன மாமனார் தினமும் வந்து, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த ஆசாரிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

வீடு ஒழுகுவது நின்றது. மறு வருஷம் மாட்டுக் கொட்டகைக்கு ஓடு போட முடிவானது. வேலையை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

“அப்பாவுக்கு அவரு தம்பி மனசு நோகக் கூடாதாமா” என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

கொட்டகை முடிந்த அன்று போய் அண்ணாந்து பார்த்தேன். அதே கோணல். கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்து வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டினேன்.