கடுக்காய் மரத்து வளைவில் நின்ற கார்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ராஜாங்கத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வருகிறவர்களைச் சும்மா விடமாட்டார். "கரண்டு வரணும், பெட்ரோல் வரணும். ரெண்டும் வந்தா பேய் இன்னா பண்ணும்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டு மானத்தை வாங்கிவிடுவார். முப்பது வருஷமாக இப்படிப் பேசியே காலம் தள்ளிய மனிதரை ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து ஆட்டிப் படைத்தது.

கார் அய்யப்பனுடையது. கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். ராஜாங்கத்தின் மகள் கலையரசி மலையில் கிராம நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் அதில்தான் போய் வருவாள். வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் ஒரு கடுக்காய் மரமும் அதன் அடியில் ஒரு முனிக்கல்லும் இருக்கின்றன. மலை ஏறும்போது அந்த வளைவில் மட்டும் கார் திடீரென்று அணைந்துவிடும். அதற்கு மேலேயும் நிற்காது, கீழேயும் நிற்காது. ஒரு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டால் ஒரே திருப்பில் கிளம்பிவிடும்.

சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி ஒரு முனகல் கேட்கும். அதுதான் பெட்ரோல் பம்பு. அது ஓடாவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. ஷெட்டில் எத்தனை முறை பார்த்தாலும் பம்பு ஒழுங்காகவே முனகியது. இருந்தாலும் சூடேறினால் நின்றுபோகிற பம்புகள் உண்டு என்று ராஜாங்கம் அதை மாற்றிவிட்டார். "இனிமே நிக்காது போடா" என்று அனுப்பினார்.

பத்தாம் நாள் அதே வளைவில், மலையிறங்கும்போது நின்றது. உள்ளே கலையரசி இருந்தாள்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே அவள் சொன்னாள். "வண்டி அணைஞ்சதும் ஸ்டீரிங்க யாரோ கெட்டியாப் புடிச்சிக்கினாங்கப்பா. அய்யப்பன் ரெண்டு கையால இழுத்தும் திரும்பல. பிரேக்கு கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரேடியோ மட்டும் பேசிக்கினே இருந்துச்சு."

ஓரத்துக் கல்லில் முட்டி நின்றதாம் வண்டி. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைதான் தெரிந்ததாம்.

லீவு போடு என்று ராஜாங்கம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புதன்கிழமை பதினோரு குழந்தைகளுக்கு ஊசி போடவேண்டும், போகாமல் முடியாது என்றுவிட்டாள். அன்று ஞாயிறு. ராஜாங்கத்துக்கு இரவு முழுக்கக் கண் மூடவில்லை. புதன்கிழமைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் பெற்ற பெண்ணை அவரே அந்தக் காரில் ஏற்றி அனுப்பவேண்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் அய்யப்பனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பம்புக்குப் போகிற வயரிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து வந்து, சின்ன பல்பு ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே டேப் போட்டு ஒட்டியிருந்தார். பம்புக்குக் கரண்டு போகிறவரை அது எரியும். பல்பு எரியும்போதே வண்டி நின்றால் பம்பு கெட்டது. பல்பும் அணைந்தால் கரண்டு எங்கோ அறுகிறது. கணக்கு அவ்வளவுதான்.

கோமுகி அணை பின்னால் போனது. மேலே ஏற ஏறப் பனி இறங்கிவந்து சாலையை மூடியது. கார்த்திகை மாதத்தில் அது சகஜம்தான். ஆனால் மணி மூன்றுகூட ஆகவில்லை, விளக்குப் போட்டு ஓட்டவேண்டியிருந்தது. எதிரே ஒரு வண்டி வரவில்லை. குரங்குகள்கூட எங்கோ போய்விட்டன. வழியெல்லாம் வளவளத்துக்கொண்டு வந்த அய்யப்பன் வாயை மூடிக்கொண்டான். ரேடியோவில் ஒரு அம்மாள் மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடுக்காய் மரம் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. அடியில் கற்பூரக் கரி படிந்த கல். சுற்றிலும் உடைந்த வளையல்கள். மழை அரித்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது.

பல்பு அணைந்தது. எஞ்சின் சத்தம் அப்படியே அற்றுப்போனது. அய்யப்பன் ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டி, பிரேக்கை ஏறி மிதித்து, எப்படியோ நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அந்த அமைதியில் அந்த அம்மாள் மட்டும், தாக்கப்பட்ட செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்றாள்.

ராஜாங்கத்துக்குக் கதவுக்கு வெளியே யாரோ நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அய்யப்பனின் கை சாவியைப் பிடுங்கப் போனது.

"தொடாத," என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார் ராஜாங்கம். "இன்னாத்துக்குப் புடுங்குற?"

"சாவிய முனி காலடில வெச்சி எடுக்கணும்ணா. அப்பதான் விடும்."

"ஒவ்வொரு வாட்டியும் அப்பிடித்தான் பண்றியா?"

"ஆமாண்ணா."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

அய்யப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "நாலு பேரு எதுருல சிரிப்பீங்கன்னுதாண்ணா."

ராஜாங்கம் சாவியைக் குனிந்து பார்த்தார். அது ஒரு படி பின்னுக்குத் திரும்பியிருந்தது. பிடுங்கிவிட்டால் அது யாருக்கும் தெரியாது. அந்தப் படியில் ரேடியோ பாடும். எஞ்சின், பம்பு, ஸ்டீரிங்கை லேசாக்குகிற மோட்டார் எதற்கும் கரண்டு போகாது. எஞ்சின் நின்றால் பிரேக்கும் கல்லாகிவிடும். சாவியை முன்னுக்குத் தள்ளினார். பல்பு எரிந்தது, பின்னால் பம்பு முனகியது. சாவிக்கொத்தை ஒற்றை விரலால் கீழே அழுத்தினார். பல்பு அணைந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி அழுத்தினார்.

சாவித் துவாரம் தேய்ந்து லொடலொடத்துப் போயிருந்தது. வண்டி ஒவ்வொரு முறை நின்றபோதும் அய்யப்பன் சாவிக்கொத்தில் ஒரு காப்பு வாங்கிக் கட்டியிருந்தான். நாலு தாயத்து, ஒரு வெண்கல மணி, கறுப்புக் கயிறு. எல்லாவற்றையும்விடக் கனமாக, சாண் நீளத்தில் ஓர் இரும்புச் சூலம். பள்ளத்தில் சக்கரம் விழும்போது அத்தனையும் சேர்ந்து ஆடிச் சாவியை இழுத்திருக்கிறது.

"பம்பு இல்லியாண்ணா?" என்றான் அய்யப்பன்.

ராஜாங்கம் சூலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு மாற்றிய அன்று சாயங்காலம், யாருக்கும் தெரியாமல் முனியப்பன் கோயிலுக்குப் போய், பூசை வைத்து வாங்கி வந்து அதைக் கொத்தில் மாட்டியவர் அவர்தான். யாரிடமும் சொல்லாதே என்று அய்யப்பனிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். அதற்கு முன்னால் இறக்கத்தில் வண்டி ஒருமுறைகூட நின்றதில்லை.

செவ்வாய்க்கிழமை சாவித் துவாரத்தோடு புதுச் சாவி செட்டு போட்டார். புதன்கிழமை காலை கலையரசி ஊசிப் பெட்டியோடு வந்து ஏறினாள். காப்பு ஒன்றும் இல்லாமல் மொட்டையாக இருந்த சாவியைப் பார்த்ததும் முகம் மாறியது. ராஜாங்கம் ஜன்னலோரம் நின்று காரணத்தை விளக்கினார்.

"அவ்ளோ கனமா ஒரு சூலம் இருந்துச்சே, அத யாரு கட்டினது?" என்று கேட்டாள்.

அய்யப்பன் இறங்கிப்போய் டயரைப் பார்த்தான்.

"நாந்தாம்மா."

அவள் அவரையே பார்த்தாள். "நீங்களாப்பா? பேய நம்பினீங்களா?"

"பேய நம்பலம்மா. பம்புதான்னு சொன்னேன் பாரு, அந்த என் சொல்லு மேல எனக்கே நம்பிக்கை இல்ல. நம்பிக்கை இல்லாமதான் ஒன்ன ஏத்தி அனுப்பினேன்."

கலையரசி பக்கத்து சீட்டில் இருந்த ஊசிப் பெட்டியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, அவர் ஏறுவதற்கு இடம் விட்டாள்.