ரெண்டு கம்ப்யூட்டருக்கும் பூர்வீகம் விசாரிச்ச கதை

எனக்கு எழுபத்தெட்டு வயசு. அஞ்சு பிள்ளைகளை ஆளாக்கினவ. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் எந்தக் கல்யாணப் பேச்சும் என்னைக் கேட்காமல் முடிஞ்சதில்லை.

போன மாசம் என் பேத்தியைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வந்தாக. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் வேலை. தனியாகப் பேசட்டும் என்று விட்டால், கம்ப்யூட்டரை ஓட்டுற சிஸ்டத்துல அவர் மேக் ஒசத்தி என்கிறார், இவள் லினக்ஸ் ஒசத்தி என்கிறாள். சத்தம் கூடம் வரைக்கும் கேட்குது. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. கிளம்புறதுக்குப் பையை எடுத்துட்டாக.

நான் செத்த நேரம் பார்த்தேன். பொறவு உள்ளே போய், "இம்புட்டுச் சண்டை போடுதீகளே, அதுக ரெண்டுக்கும் பூர்வீகம் எது?" என்று கேட்டேன்.

"ரெண்டும் யூனிக்ஸ்ங்கிற பழைய சிஸ்டம் வழியில வந்ததுதான் ஆச்சி" என்றார் மாப்பிள்ளை.

"அப்பப் பங்காளியாச்சே! பங்காளி வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோமே!"

பேத்தி பதறிட்டா. "இல்ல அப்பத்தா! மேக்குக்குள்ளதான் யூனிக்ஸ் வம்சத்துக் கோடிங் இருக்கு. லினக்ஸ் அதோட நடைமுறையைப் பார்த்துப் புதுசா எழுதினது."

"ரத்த சம்பந்தம் கிடையாதே?"

"கிடையவே கிடையாது!" ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாக.

சண்டைக்காரிக்கு எம்புட்டு அவசரம் பாருங்க! சம்பந்தியம்மா சிரிச்சுக்கிட்டே பையைக் கீழே வச்சாக. தையில கல்யாணம்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுறதும் அந்தப் பேத்திதான். ஏட்டி, நீ பதறினதை எழுதாம விட்டிருப்ப. முதல்ல இருந்து வாசி, கேப்போம்.