ஏழு கொக்கு அலமாரி

போன ஞாயிறு பக்குரங்கா புறநகரில் நண்பர் நடேசன் வீட்டில் தேநீர். தேநீர் ஒரு சாக்கு... அவர் வாங்கிய பழைய சீன அலமாரியைப் பார்க்கத்தான் அழைப்பு. ஹாங்காங்குக்கே திரும்பிப் போகிற பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் விற்றதாம்.

"அண்ணை, தள்ளி நிண்டு பாருங்கோ. மூச்சுப் படக்கூடாது!"

அழகுதான், மறுக்கவில்லை. கருஞ்சிவப்பு அரக்குப் பளபளப்பு. கதவில் தங்கக் கொக்குகள். எண்ணாமல் இருப்பேனா? கொக்கு ஏழு, கால் பதின்மூன்று. ஒன்று தவம் செய்கிறது.

"ஒரு ஆணிகூட இல்லை. மரத்துக்குள்ள மரம் கொளுவியிருக்கு. மேல மரப்பால் பூச்சு. பூசி, காயவிட்டு, தேய்ச்சு, திரும்பப் பூசி... முப்பது தரம்!"

லைப்ரரியில் எடுத்த புத்தகம் அவர் வாயால் பேசியது. அவர் வீட்டு வெளிச்சுவர் ஒரே ஒரு பூச்சுக்காக இரண்டு கோடையாகக் காத்திருக்கிறது!

கதவைக் கால்வாசி திறந்து, உள்ளே மேல்பலகையின் கருமையைக் காட்டினார். "பாத்தியளே, ஆன்டிக் கலர்!"

"உள்ளே ஒன்றும் வைக்கவில்லையா?"

"வைச்சால் கீறல் விழும்."

அவர் மனைவி புஷ்பம் வடைத் தட்டோடு வந்தார். "கேளுங்கோ அண்ணை. வீடு வாங்கி இரண்டு வருசம். பிள்ளையாரும் முருகனும் சுடுதண்ணி டாங்கிக்குப் பக்கத்தில, குளிச்சுத் துடைக்கிற துவாயளோட இருக்கினம். இதுக்குள்ள வைப்பம் எண்டால் விடுறாரில்லை."

"ஊதுபத்திப் புகை பட்டால் பூச்சு என்னத்துக்கு ஆகும்?" என்றார் நடேசன்.

"பொங்கலுக்கும் நான் துவாயைத்தானே கும்பிட்டனான்!"

நான் சிரித்தேன். புஷ்பம் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, விடைபெறச் சீன அம்மாள் வந்தார். நேரே போய் இரண்டு கதவையும் படாரென்று திறந்தார். நடேசனுக்கு மூச்சே நின்றது.

"ஏன் காலி?" என்றார் ஆங்கிலத்தில். "என் மாமியார் இதில்தான் முன்னோர் படங்களை வைத்திருந்தார். நாற்பது வருடம், காலையும் மாலையும் ஊதுபத்தி. பிறகு மெல்லிய துணியால் ஒரு துடைப்பு. சும்மா நிற்பதற்கா இத்தனை பூச்சு?"

மேல்பலகையைத் தொட்டுக் காட்டினார். ஆன்டிக் கலர்... மாமியாரின் ஊதுபத்திப் புகை!

புஷ்பம் உள்ளே போனார். பிள்ளையாரைத் தூக்கி வந்து நடுத்தட்டில் வைத்தார். பக்கத்தில் முருகன்.

"தீப்பெட்டி எடுங்கோப்பா."

நடேசன் எடுத்தார். வேறு என்ன செய்வார்?

வேலை வாங்கக்கூடாது, குறை சொல்லக்கூடாது, வருகிறவர்களுக்குக் காட்ட மட்டும்தான் — இதற்கெல்லாம் நம்மிடம் மாப்பிள்ளைகள் இருக்கிறார்களே... அலமாரி எதற்கு?