நான்காவது பட்டம்

ஏழாம் வகுப்பில் நெல் பயிரிடும் பருவங்களான பட்டங்களைச் சார்ட்டில் எழுதிவரச் சொன்னார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று புத்தகத்தில் மூன்றுதான் இருந்தன. நசரத்பேட்டையில் கழனி வைத்திருக்கிற வீட்டுப் பெண் நான், எனக்கெதற்குப் புத்தகம்? அந்த வருஷம் எங்கள் கழனியில் கார்த்திகைக் கடைசியில்தான் நடவு. அது மூன்றில் எதிலும் சேரவில்லை.

"இது இன்னா பட்டம்மா?" என்று கேட்டேன்.

களை பறித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "நம்ம பட்டம்னு எழுது, போ."

எழுதினேன். பச்சை ஸ்கெட்சில், மற்ற மூன்றையும்விடப் பெரிதாக: நம்ம பட்டம், கார்த்திகையில் நடவு, பங்குனியில் அறுவடை.

டீச்சர் தெற்கேயிருந்து வந்தவர். குமணன்சாவடியில் புது அடுக்குமாடியில் குடியிருந்தார். சிவப்பு மையில் அதை அடித்தார். "எங்க கழனில கீது மிஸ், வந்து பாருங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் அம்மாவை அழைத்துவரச் சொன்னார்.

அம்மா கழனியிலிருந்து நேராக வந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது.

"மூணு பட்டந்தானம்மா இருக்கு?" என்றார் டீச்சர்.

"புக்குல மூணு மிஸ். எங்க ஊட்ல நாலு. ஏரில தண்ணி கீது, நட்டுக்கினோம். பங்குனில அறுத்ததும் உங்களுக்கே புது அரிசி கொண்டாரேன்."

டீச்சர் சார்ட்டைத் தன் பக்கம் இழுத்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டிக் போட்டார். அன்று வீடுவரை நான் தரையில் நடக்கவில்லை. இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

பங்குனியில் அறுத்தோம். சொன்னபடியே அரிசிப் பையை நான்தான் பள்ளிக்குத் தூக்கிப்போனேன்.

அந்த வருஷம் ஆடியிலிருந்தே பெரியப்பா ஞாயிறுதோறும் எனக்கு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். பாசம் என்று நினைத்தேன். கழனியை மனைபோட்டு விற்கலாமா என்று அவரும் அப்பாவும் பேசிப் பேசியே சம்பாவுக்கான நாள் கடந்துபோயிருந்தது. ஐப்பசியில் ஒருநாள், அப்பா அம்பத்தூர் கம்பெனிக்கு ஷிப்டு போன பிறகு, யாரையும் கேட்காமல் அம்மா விதையை ஊறவைத்தாள். பயிர் நிற்கிற நிலத்தை அளக்க ஒருவனும் சங்கிலியோடு வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் இருந்த மூன்று பேரில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான்.